சொந்த வேலை

கம்பெனியில் முகாம் போட்ட அன்று
சாப்பாட்டு மணிக்கு முன்னால் படுக்க வைத்தார்கள்.
நெஞ்சில் குளிர்ந்த பசை, கை காலில் கவ்விகள்.
ரோஜா நிறக் கட்டத்தாளில்
ஒரு கோடு நடந்து வெளியே வந்தது.
முகாம் டாக்டர் சின்னப் பையன்.
ஒருமுறை பார்த்தான், மறுபடியும் பார்த்தான்.
"எக்கோ எடுத்துடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க."
பேனாவால் ஓரிடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தான்.

இருபத்திரண்டு வருஷமாக
ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று
கண்ணை மூடிக்கொண்டு விரல் சொல்லும்.
வட்டத்துக்குள் பார்த்தேன்.
மேலே ஏற வேண்டிய இடத்தில்
கோடு கீழே இறங்கியிருந்தது.
அப்படி ஒரு ஜோடி வந்தால் நானே
செக்கிங்கில் ஒதுக்கிவிடுவேன்.

தாளை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் செருகி
அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தேன்.
முதல் வாரம் ஷிப்மெண்ட்.
அடுத்த வாரம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு.
மூன்றாம் வாரம் ஒன்றுமே இல்லை,
அந்த வாரம்தான் தூக்கம் வரவில்லை.
ஜீவரத்தினத்திடம் வாயு என்றேன்.
மனுஷன் பெருங்காயக் கட்டியோடு வந்தார்.

பர்வீனிடம் மறைக்க முடியவில்லை.
அடுத்த மெஷின், என் மூச்சு அவளுக்குக் கேட்கும்.
"பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல்
தைத்துக்கொண்டே போவியாடி?" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் விடியலில் பஸ் ஏறினேன்.

மாதனூர், பள்ளிகொண்டா.
பாலாற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது.
வேலூரில் இறங்கி, அடுக்கம்பாறைக்கு இன்னொரு பஸ்.
சீட்டு வரிசை, ரத்த அழுத்த வரிசை,
இது எந்த வரிசை என்று கேட்பதற்கு ஒரு வரிசை.
முன்னால் நின்ற கணியம்பாடிக்காரர்
தன் எக்ஸ்ரேயை விசிறியாக்கி
எனக்கும் சேர்த்து வீசினார்.

டாக்டரம்மா தாளை விரித்தார்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
அடுப்புச் சூட்டில் கோடு முழுக்க மறைந்திருந்தது.
கட்டங்கள் இருந்தன.
பையன் போட்ட பேனா வட்டம்,
உள்ளே ஒன்றுமில்லாமல், இருந்தது.
ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?
"திரும்ப எடுக்கலாம்" என்றார்.
எடுத்தார்கள். அதே இடத்தில்
அதே இறக்கம்.

எக்கோ அறையில் இருட்டு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படு,
மூச்சை விடு, நிறுத்து.
திடீரென்று சத்தத்தைத் திறந்துவிட்டாள் அந்தப் பெண்.
சளப் சளப் என்று,
தோல் மண்டியில் டிரம்முக்குள் ஈரத்தோல் புரளுமே, அதே சத்தம்.
சிறுவயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்
வாசலில் நின்று கேட்டது.
இரவும் பகலும் நிற்காது என்பார் அப்பா.
நிறுத்தினால் தோல் கெட்டுவிடுமாம்.
"ஏம்மா அழறீங்க, வலிக்குதா?"
இல்லை என்றேன்.

ஒரு வால்வு லேசாகக் கசிகிறது.
அது பயமில்லை.
அந்த இறக்கத்துக்குக் காரணம் அதுவா என்று
இப்போது சொல்ல முடியாது.
ஓட வைத்துப் பார்க்க வேண்டும், பதினேழாம் தேதி.
அதுவரை இந்த மாத்திரை, ராத்திரியில்.
படி ஏறும்போது நெஞ்சை அடைத்தால்
தேதி பார்க்காமல் உடனே வர வேண்டும்.
"யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.
பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஜீவரத்தினத்துக்குப் போன் போட்டேன்.
நெடுநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு, சாப்பிட்டியா என்றார்.

பதினேழு மறுபடியும் ஷிப்மெண்ட் நாள்.
சூப்பர்வைசர் இம்தியாஸ் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
லீவு படிவத்தை நீட்டினார்.
காரணம் என்ற கட்டத்தில்
கல்யாணத்துக்கும் சாவுக்கும் கந்துவட்டிக்காரனுக்கும்
இத்தனை வருஷமும் ஒன்றையேதான் எழுதியிருக்கிறேன்.
இன்றும் அதையே எழுதினேன்,
சொந்த வேலை.
எழுதிவிட்டு, எழுத்தை ஒருமுறை பார்த்தேன்.